போதைக் கண்ணாடி, பிரெத் அனலைசர், 30 செ.மீ. ஸ்கேல்: விழிப்புணர்வு முகாமுக்கு எது உதவும், எது ஏமாற்றும்

போதையில் வண்டி ஓட்டுவதைத் தடுக்க முகாம் நடத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்க நினைப்பது இரண்டு பொருள். போட்டுக்கொண்டால் தரையே சாய்வதுபோல் தோன்றும் போதைக் கண்ணாடி ஒன்று. ஊதினால் எண் காட்டும் பிரெத் அனலைசர் இன்னொன்று. இரண்டுமே கூட்டத்தை இழுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்தவர் எதை மனதில் வாங்கிக்கொண்டு போகிறார் என்பதுதான் கேள்வி. கையாளத் தெரியாமல் கையாண்டால் இரண்டும் ஒரே பாடத்தைத்தான் நடத்தும்: "நான் அந்த அளவுக்குப் போகல, எனக்கு ஒண்ணும் ஆகாது." குடித்துவிட்டுச் சாவியை எடுப்பவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் இதுவேதான். எனவே இங்கே ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம். அது இந்த எண்ணத்தை உடைக்கிறதா, இல்லை இன்னும் உறுதியாக்குகிறதா?

போதைக் கண்ணாடி

பட்டறையில் போடும் பாதுகாப்புக் கண்ணாடி போலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் லென்ஸ் பிம்பத்தை ஒரு பக்கமாக நகர்த்தும், மங்கலாக்கும், தூரக் கணிப்பைக் குலைக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் 0.06 சதவீதத்துக்குக் கீழ், 0.08 முதல் 0.15 வரை, 0.25-க்கு மேல் என்றெல்லாம் படிநிலை போட்டு விற்கிறார்கள். இரவுக்கென்று கறுப்பு பூசிய வகையும் உண்டு. இந்த எண்களை அளவீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது லேசானது, இது கடுமையானது என்று பிரித்துக் காட்டும் பெயர்ப்பலகை என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

வழக்கமாகச் செய்யும் பயிற்சி, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட 9 காலடி நடந்து, திரும்பி, மறுபடி 9 காலடி நடப்பது. தரையில் 3 மீட்டருக்கு ஒட்டுநாடா ஒட்டினால் போதும். அகலம் 5 செ.மீ. இருக்கட்டும். மெல்லிய நாடா கண்ணாடி வழியே தெரியாது. அப்போது ஆள் தடுமாறுவது கோடு தெரியாததால்தான், அதில் பாடம் ஒன்றுமில்லை. நடப்பவருக்கு இருபுறமும் கை எட்டும் தூரத்தில் ஆளுக்கொருவர் நிற்க வேண்டும். படிக்கட்டு, மேடை விளிம்பு, மேசை முனை எதுவும் 2 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. இந்தக் கண்ணாடியோடு சைக்கிளில்கூட யாரையும் ஏற்றக் கூடாது. ஒற்றைத் தலைவலி, தலைச்சுற்றல், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கண்ணாடியைத் தர வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். குமட்டல் வரும்.

இதுவரை நல்லதுதான். இனி குறைகள்.

முதலாவது, பழகிப்போவது. பிம்பத்தை நகர்த்தும் பட்டக லென்ஸுக்கு மூளை சில நிமிடங்களில் ஈடுகொடுத்துவிடும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிவைத்திருக்கிறார். முதல் நடையில் தடுமாறியவர் மூன்றாம் நடையில் ஓரளவு நேராகவே வருவார். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். "பழகினா ஓட்டிரலாம்" என்ற எண்ணம் அங்கேயே விதைக்கப்பட்டுவிடும். ஆல்கஹால் விஷயத்தில் இதைவிட ஆபத்தான பாடம் கிடையாது. ஒருவருக்கு ஒரே ஒரு முறை என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் எதிர்ப்பக்கமாகக் கை தவறும் நிலை சற்று நேரம் நீடிக்கும். அது தெளியும்வரை அவரை உட்கார வையுங்கள், உடனே வண்டியெடுக்க விடாதீர்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. கண்ணாடி போட்டவருக்குத் தன் பார்வை கெட்டிருப்பது தெரியும், அதனால் அவர் பயந்து பயந்து அடி வைப்பார். குடித்தவருக்கோ அந்த எச்சரிக்கைதான் முதலில் மங்குகிறது. கால் தடுமாறுவதற்கு வெகு முன்பே, "இன்னிக்கு வண்டிய எடுக்கலாமா" என்று நிதானமாக யோசிக்கும் திறன் குறைந்துவிடும். கண்ணாடி பார்வைக் கோளாறைக் காட்டும், தீர்மானக் கோளாறைக் காட்டாது. முகாமை நடத்துபவர் இதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். "நீங்க இப்ப ஜாக்கிரதையா நடந்தீங்க பாருங்க, குடிச்சிருந்தா அந்த ஜாக்கிரதை இருக்காது" என்று கண்ணாடியைக் கழற்றும் அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னால் ஏறாது.

எந்தப் படிநிலை வாங்குவது? ஏறக்குறைய எல்லாரும் கடுமையானதைத்தான் வாங்குகிறார்கள், வேடிக்கை அதில்தான் அதிகம். நாங்கள் லேசானதைத்தான் பரிந்துரைக்கிறோம். கடுமையான கண்ணாடி காட்டுவது விழுந்து கிடக்கும் நிலையை. அதைப் பார்ப்பவர், தான் என்றைக்கும் அப்படி ஆனதில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார். லேசான கண்ணாடியில் நடை கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும். அப்போது ஒரு சாவிக்கொத்தில் ஐந்து சாவியைப் போட்டு, சிவப்பு நூல் கட்டிய சாவியைப் பூட்டுத் துளையில் நுழைக்கச் சொல்லுங்கள். துளையைச் சுற்றி உரசி, வழுக்கி, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று போகும். நடக்க முடிந்தவருக்குச் சாவி நுழையவில்லை என்பதைச் சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்கள். அங்கே சிரிப்பு அடங்கிவிடும்.

லென்ஸை ஆல்கஹால் துடைப்பானால் துடைக்காதீர்கள். பூச்சு கெடும், பக்கத்து மேசையில் அனலைசர் இருந்தால் அதுவும் கெடும். ஈரத் துணியும் லேசான சோப்பும் போதும்.

பிரெத் அனலைசர்

சந்தையில் மூன்று வகை இருக்கிறது. அவற்றுக்குள் வேலை செய்யும் முறையே வேறு.

மிக மலிவானது ஒருமுறைக் குழாய். கண்ணாடிக் குழாய்க்குள் மஞ்சள் டைக்ரோமேட் படிகம் இருக்கும், ஆல்கஹால் பட்டால் பச்சையாகும். 1954இல் அமெரிக்கரான ராபர்ட் போர்கென்ஸ்டைன் உருவாக்கிய முதல் பிரெத்தலைசரும் இந்த வேதிமாற்றத்தைத்தான் ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானியால் அளந்தது. குழாயில் ஒளிமானி கிடையாது, உங்கள் கண்தான். மஞ்சள் விளக்கின் கீழே மஞ்சளா பச்சையா என்று சண்டையே வரும். காலாவதித் தேதி தாண்டினால் நிறமாற்றத்தை நம்ப முடியாது. உள்ளே இருப்பது நச்சுள்ள குரோமியம், ஆகவே உடைந்த குழாயை வெறுங்கையால் தொடவும் கூடாது, குப்பைத் தொட்டியில் எறியவும் கூடாது. முகாமுக்கு இது வேண்டாம்.

அடுத்தது செமிகண்டக்டர் சென்சார். சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடின் மேல் வாயு படும்போது மின்தடை மாறும், அதை எண்ணாக்கிக் காட்டும். சாவிக்கொத்து அளவில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வகை. இதன் சிக்கல், ஆல்கஹாலை மட்டும் பார்க்கத் தெரியாது. சிகரெட் புகை, அசிட்டோன், சில கரைப்பான் ஆவிகள் எல்லாவற்றுக்கும் எண் காட்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளியின் மூச்சிலும், நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர் மூச்சிலும் அசிட்டோன் இருக்கும். குடிக்காதவர் ஒருவர் ஊதி, ஊரே பார்க்க எண் வந்துவிட்டால், அன்றைய முகாம் அத்தோடு முடிந்தது. "மெஷினே பொய்" என்ற பேச்சு அடுத்த நாளும் தொடரும்.

மூன்றாவது ஃபியூயல் செல். இரண்டு பிளாட்டின மின்முனைகள், நடுவில் அமிலத்தில் ஊறிய நுண்துளைத் தகடு. மூச்சில் உள்ள ஆல்கஹால் அசெட்டிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது எலெக்ட்ரான்கள் வெளியேறும். எவ்வளவு ஆல்கஹாலோ அவ்வளவு மின்னோட்டம். அசிட்டோனுக்கு இது அசையாது. வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் "ஃபியூயல் செல்" என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். "மேம்பட்ட சென்சார்" என்று மட்டும் போட்டிருந்தால் அது இது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கான ஐரோப்பியத் தர விதி ஈ.என். 16280. அந்த எண் இருந்தால் கூடுதல் நம்பிக்கை.

வாங்கிய பிறகு அதிகம் குழப்புவது அலகு. ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. என்பதை ஒரு கருவி 0.03 என்று சதவீதத்தில் காட்டும். இன்னொன்று 0.3 என்று ஆயிரத்துக்குக் காட்டும். மூச்சுக் காற்றின் லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் கருவியில் அதுவே சுமார் 0.14. மூன்றும் ஒரே ஆள், ஒரே போதை. சட்ட வரம்பும் நாட்டுக்கு நாடு 20, 30, 50, 80 மி.கி. என்று மாறும். கருவியின் அமைப்பில் எந்த அலகு தேர்வாகியிருக்கிறது என்று முகாம் தொடங்கும் முன் பார்த்து, அதை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். பேட்டரி மாற்றினால் சில கருவிகள் பழைய அலகுக்கே திரும்பிவிடும்.

எண் ஏன் ஏறக்குறையத்தான் சரி என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2,100 மி.லி. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலும் 1 மி.லி. ரத்தத்தில் இருப்பதும் சமம் என்ற விகிதத்தை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், காய்ச்சல் இருந்தால் மாறும். ஊதும் முன் வேக வேகமாக மூச்சுவிட்டால் எண் இறங்கும், மூச்சை அடக்கிவைத்து ஊதினால் ஏறும். கூட்டத்தில் இந்தத் தந்திரம் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், கவனியுங்கள்.

ஊத வைக்கும் முறை இது. கடைசியாகக் குடித்தது, புகைத்தது, வாய் கொப்புளித்தது எப்போது என்று முதலில் கேளுங்கள். 15 நிமிடம் ஆகவில்லை என்றால் காக்க வையுங்கள், 20 ஆனால் இன்னும் நல்லது. வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் எண்ணைத் தாறுமாறாக ஏற்றிவிடும். ஆளுக்கொரு புது ஊதுகுழல் போட வேண்டும். கருவி தன்னைத்தானே பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்வரை பொறுத்திருந்து, இயல்பாக ஒரு முழு மூச்சு எடுத்து, ஒரே சீராக 4 முதல் 6 நொடி, ஒலி நிற்கும்வரை ஊதச் சொல்லுங்கள். தொடக்கத்தில் வருவது வாய், தொண்டைக் காற்று. கருவிக்கு வேண்டியது நுரையீரலின் ஆழத்திலிருந்து கடைசியில் வரும் காற்று. பாதியில் நிறுத்தினால் எண் குறைவாகத்தான் வரும். எச்சில் உள்ளே போகக் கூடாது. அதிக எண் காட்டிய ஊதலுக்குப் பிறகு சென்சார் தெளிய நேரம் கொடுக்காமல் அடுத்தவரை ஊத வைத்தால், முந்தையவர் போதை அடுத்தவர் கணக்கில் ஏறும். அதனால்தான் ஒரு கருவிக்கு இரண்டாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

மேசையில் கைச் சுத்திகரிப்பான் இருக்கவே கூடாது. அதன் ஆல்கஹால் ஆவி ஃபியூயல் செல்லையும் ஏமாற்றும். கை கழுவச் சோப்பும் தண்ணீரும் வையுங்கள். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மது பாட்டிலின் வாயில் பிடிப்பது பலருக்கு வழக்கம். அது சோதனையே இல்லை, சென்சாரைத் திணறடிப்பது. அளவுத்திருத்தம் என்றால் தெரிந்த அடர்த்தியுள்ள வாயுவையோ, 34 டிகிரி செல்சியஸில் வைத்த திரவத்தின் ஆவியையோ செலுத்தி ஒப்பிடுவது. பெரும்பாலான கருவிகளுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை இது தேவை. அளவுத்திருத்தம் செய்ய இடம் இல்லாவிட்டால், சென்சார் பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வகையை வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கருவியை விட்டுவிட்டால் தகட்டின் ஈரம் காய்ந்து ஆயுள் குறையும்.

இப்போது முகாமில் நடக்கும் பெரிய தவறுக்கு வருவோம். எண்ணைச் சத்தமாகப் படிப்பது. அடுத்த நிமிடமே அது போட்டியாகிவிடும், யார் அதிகம் என்று நண்பர்கள் பந்தயம் கட்டுவார்கள். திரையை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அவர் காதுக்கு மட்டும் சொல்லுங்கள், "வண்டி வேண்டாம்" என்பதை மட்டும் வெளியே சொல்லுங்கள். குறைவான எண் வந்தால் "ஓட்டலாம்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. குடித்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரைகூட ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டிருக்கலாம். சாப்பிட்ட வயிறென்றால் இன்னும் தாமதமாகும். இப்போது 20 மி.கி. காட்டியவர் வீட்டுக்குப் பாதி வழி போவதற்குள் 40 ஆகியிருக்கலாம். 30 நிமிடம் விட்டு இரண்டாம் முறை ஊத வைத்தால் அந்த ஏற்றத்தை அவர் கண்ணாலேயே பார்ப்பார். முகாமில் இந்தக் கருவி செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை அதுதான்.

அதற்கு அடுத்த சிறந்த வேலை, மறுநாள் காலைக் கணக்கு. ஆல்கஹால் உடம்பிலிருந்து மணிக்குச் சராசரியாக 100 மி.லி. ரத்தத்தில் 15 மி.கி. வீதம் இறங்கும். ஆளைப் பொறுத்து 10 முதல் 25 வரை இருக்கலாம். நள்ளிரவு 12 மணிக்கு 150 இருந்தவருக்குக் காலை 7 மணிக்கு 105 கழிந்து இன்னும் 45 மிச்சம். மெதுவாக இறங்கும் உடம்பென்றால் 80. அவர் தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்து, தெளிவாக இருப்பதாக நம்பிக்கொண்டு வேலைக்குப் புறப்படும் நேரம் அது. குளியலும் காபியும் இந்த வேகத்தை ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாது. கரும்பலகையில் இந்தக் கழித்தலை எழுதிக் காட்டுங்கள். கருவியைத் தொடாதவர்கூட நின்று பார்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. கருவிக்குத் தெரிவது ஆல்கஹால் மட்டும். தூக்க மாத்திரை, சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மருந்து, கஞ்சா, தூக்கமின்மை எதற்கும் அது பூஜ்யம்தான் காட்டும். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல இறங்கிவிடுகிறது என்று டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் காட்டினார்கள். பூஜ்யம் வந்தவரிடம் "மாத்திரை ஏதாவது போட்டீங்களா, எப்பத் தூங்கினீங்க" என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

ஸ்கேலும் கயிறும்

மொத்தப் பட்டியலில் செலவே இல்லாத பொருளுக்குத்தான் எங்கள் முதல் மதிப்பெண். 30 செ.மீ. பிளாஸ்டிக் அல்லது மர ஸ்கேல். எஃகு வேண்டாம், விரலைக் கிழிக்கும். ஸ்கேலின் பூஜ்ய முனை எதிரில் இருப்பவரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொங்கும்படி மேல்முனையைப் பிடித்து, சொல்லாமல் விடுங்கள். 20 செ.மீ.யில் பிடித்தால் 0.20 நொடி, 30 செ.மீ.யில் பிடித்தால் 0.25 நொடி. மூன்று முறை பிடிக்கட்டும். பிறகு 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். "93, 86, எழுபத்து..." என்று இழுக்கும்போது விடுங்கள். பலருக்கு ஸ்கேல் விரலைத் தொடாமலே தரையில் போய் "டக்" என்று விழும். துளி மது இல்லை, கண்ணாடி இல்லை, கவனம் இரண்டாகப் பிரிந்தது மட்டுமே. ஆல்கஹால் குறைந்த அளவிலேயே பாதிக்கும் திறன்களில் ஒன்று இந்தக் கவனப் பகிர்வு.

அடுத்து, தரையில் 25 மீட்டர் கயிறு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகும். எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால் கால் பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆகலாம், அதற்குள் இந்த முழுக் கயிறும் ஓடி முடிந்துவிடும். இன்னும் அரை நொடி தாமதம் என்றால் மேலும் 8.3 மீட்டர். அதை வேறு நிறக் கயிறாகக் கட்டி, அதன் முனையில் ஒரு குழந்தைச் செருப்பை வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடமே அதுதான், வண்டி நிற்கும் இடம் அதற்கும் அப்பால்.

ஓட்டும் சிமுலேட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடகைக்குக் கிடைத்தாலும் ஒருவருக்கு ஐந்து நிமிடம், வரிசை நீளும், விளையாட்டு போலவே முடியும்.

1962-63இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் போர்கென்ஸ்டைன் குழு, விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் அதே மாதிரி இடத்திலும் நேரத்திலும் விபத்தின்றிப் போய்க்கொண்டிருந்தவர்களையும் ஊத வைத்து ஒப்பிட்டது. 0.08 சதவீதத்தைத் தாண்டியதும் ஆபத்து செங்குத்தாக ஏறியது. அந்த அளவில் பலர் தள்ளாடுவதில்லை, சரளமாகப் பேசுகிறார்கள். முகாம் சென்று சேர வேண்டியது இவர்களிடம்தான். எனவே கையில் இருப்பதைப் பொறுத்து இந்த வரிசையில் வாங்குங்கள். முதலில் ஸ்கேல், கயிறு, கரும்பலகை. அடுத்து ஃபியூயல் செல் கருவி இரண்டு, எதிர்பார்க்கும் ஆட்களைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஊதுகுழல்கள். மீதி இருந்தால் லேசான கண்ணாடி ஒன்று. கடுமையான கண்ணாடி யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் மேசைக்கு வர வேண்டாம்.

மேசையின் ஓரத்தில் சாவிப் பலகை ஒன்றும் கட்டாயம். ஊதி முடித்தவர் தன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டி, இரண்டாகக் கிழிக்கும் எண் சீட்டில் பாதியை எடுத்துக்கொண்டு போகட்டும். பெயர் கேட்க வேண்டாம், கேட்டால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். வண்டி நிற்கும் இடம், ஊதிய நேரம், வந்த அளவு மூன்றும் நம் பாதியில் இருக்கட்டும். திரும்ப எடுக்கும் நேரத்தை இரண்டு பாதியிலும் எழுதுங்கள். "நாளைக் காலை" என்று பொதுவாக எழுதாதீர்கள். இரண்டாம் முறை ஊதிய அளவை மணிக்கு 10 என்ற மெதுவான வேகத்தில் கழித்து, பூஜ்யம் வரும் மணியை எழுதுங்கள். நள்ளிரவில் 150 என்றால் சீட்டில் இருக்க வேண்டியது பிற்பகல் 3.